பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டது நான்தான்

இரண்டு வருடங்களுக்கு முன்னால் என் மகளுக்கு ஒரு செயலியில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. பென்சிலில் நன்றாக வரைவாள். சிங்கப்பூரில் இருக்கும் அவள் சித்தி பார்க்கட்டும் என்றுதான் ஆரம்பித்தோம். பிறந்த வருடம் கேட்டது. 2014 என்று போட்டேன், சேர முடியாது என்று வந்தது. மறுபடி உருட்டி 2008இல் நிறுத்தினேன். உள்ளே விட்டுவிட்டது. பத்து விநாடி வேலை. அதன் பிறகு அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

போன மாதம் ஒரு ராத்திரி, கிரைண்டரில் இருந்து மாவை வழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, ஒருத்தங்க என் ஸ்கூல் பேரு கேக்கறாங்க. சொல்லலாமா?"

போனை வாங்கிப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஆள். பதினோரு நாளாகப் பேசியிருக்கிறான். முதல் நாள் "சூப்பரா வரையறியே". அடுத்த நாள் எந்தப் பென்சில், யார் சொல்லிக் கொடுத்தது. டிராயிங் மாஸ்டர் கேட்கிற மாதிரியே இருந்தது எல்லாம். ஆறாவது நாள், "படம் போதும், உன்னைப் பாக்கணும், போட்டோ அனுப்பு". அவள் அனுப்பவில்லை. ஏன் அனுப்பலை என்று கேட்டேன். அன்றைக்குத் தலை வாரவில்லையாம்.

அந்தப் பதிலை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. என் பிள்ளை தப்பித்தது அவ்வளவு மெல்லிய ஒரு காரணத்தால்.

பதற்றத்தில் நான் அந்த ஆளை பிளாக் செய்து, பேச்சு முழுவதையும் அழித்துவிட்டேன். அப்படிச் செய்யக் கூடாது, தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அந்த ஆளின் கணக்குப் பெயரையும் சேர்த்து. பிறகு செயலியிலேயே புகார் கொடுங்கள், அதற்கப்புறம் பிளாக். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரை நம் பெயர் சொல்லாமலே பதிவு செய்யலாம். குழந்தைகள் உதவி எண் 1098. இதெல்லாம் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அதற்குள் காட்ட என் கையில் எதுவும் இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் அந்தக் கணக்கின் செட்டிங்ஸை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். வயது என்ற இடத்தில் 18 என்று இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, செயலியின் கணக்குப்படி மேஜர். யார் வேண்டுமானாலும் செய்தி அனுப்பலாம், யார் வேண்டுமானாலும் படங்களைப் பார்க்கலாம். எந்தச் செயலி என்று சொல்லவில்லை. வேறு எந்தச் செயலியில் பொய் வருடம் போட்டிருந்தாலும் இதே கணக்குதான் ஓடியிருக்கும்.

இதைத்தான் எல்லா அம்மா அப்பாவுக்கும் சொல்ல வேண்டும் என்று இந்தப் பதிவை எழுதுகிறேன். வயதை நாம் ஒரு தடவைதான் கூட்டிப் போடுகிறோம். ஆனால் அந்தப் பொய் பிள்ளையோடு சேர்ந்து வருடா வருடம் வளர்கிறது. பத்து வயதில் உள்ளே நுழைய உதவிய அதே பொய், பன்னிரண்டிலோ பதினைந்திலோ பிள்ளைக்கு இருக்க வேண்டிய பூட்டுகளை எல்லாம் திறந்துவிடுகிறது. இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று தனிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தது. தானாகவே பிரைவேட் ஆகிவிடும், தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, பதினாறுக்குக் கீழே என்றால் இதைத் தளர்த்தப் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். ரோப்லாக்ஸ் என்ற விளையாட்டுத் தளம் அதே வருடம் நவம்பரில், பதின்மூன்றுக்குக் கீழ் உள்ளவர்கள் விளையாட்டுக்கு வெளியே தனிச்செய்தி அனுப்புவதைத் தடுத்தது. இவை போதுமா என்பது வேறு கேள்வி. ஆனால் வந்தபோது இவை எல்லாமே நாம் உருட்டி வைக்கும் அந்த வருடத்தை நம்பித்தான் பெரும்பாலும் நின்றன.

சரி, பதின்மூன்று வயதுக்குக் கீழே சேர முடியாது என்று பல செயலிகள் சொல்கின்றனவே, ஏன் பதின்மூன்று? நானும் இதைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 1998இல் நிறைவேறி, 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம் இருக்கிறது. கோப்பா என்று சுருக்கிச் சொல்கிறார்கள். பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் சொந்த விவரங்களை வாங்குவதற்கு முன், பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்துப் பெற வேண்டும் என்கிறது. சம்மதம் வாங்கினால் செலவு, வேலை. பதின்மூன்றுக்குக் கீழே சேர்க்க மாட்டோம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்தது. பெரும்பாலான கம்பெனிகள் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டன. பிள்ளைகள் உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியாமலும் இல்லை. குழந்தைகளின் விவரங்களை அனுமதியின்றிச் சேகரித்ததாக எழுந்த வழக்கில் 2019இல் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. ஒரு பிள்ளைக்கு எந்த வயதில் அந்நியர் பேச்சைப் புரிந்துகொள்ளத் தெரியும் என்ற கேள்விக்கும் இந்தப் பதின்மூன்றுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த எண்தான் திண்டுக்கல்லில் என் வீட்டு வரைக்கும் வந்திருக்கிறது.

குழந்தைகளுக்கென்றே கட்டிய இடங்கள் இல்லாமல் இல்லை. கனடாவின் கெலோனா ஊரில் 2005இல் தொடங்கிய கிளப் பென்குயின் அப்படி ஒன்று. பிள்ளைகள் பென்குயின் உருவத்தில் பனி ஊருக்குள் சுற்றுவார்கள், விளையாடுவார்கள், பேசுவார்கள். பெற்றோர் விரும்பினால் ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கலாம்: பிள்ளை எதையும் தட்டச்சு செய்ய முடியாது, தயாராக இருக்கும் வாக்கியங்களில் ஒன்றை எடுத்துத்தான் சொல்ல முடியும். மற்ற முறையிலும் போன் நம்பர் மாதிரி விவரங்களைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு, கண்காணிக்க ஆட்கள் உண்டு. வெளி விளம்பரம் கிடையாது, சந்தாவில் ஓடியது. 2007இல் டிஸ்னி 35 கோடி டாலருக்கு வாங்கியது. 2017 மார்ச்சில் மூடிவிட்டார்கள். பிறகு வேறு யாரோ அதே பனியையும் அதே பென்குயினையும் வைத்து நகல் தளம் நடத்தினார்கள். அங்கே பிள்ளைகளுக்கு ஆபாசச் செய்திகள் போவது 2020இல் வெளியே வந்து, டிஸ்னி அதை மூட வைத்தது. படம், நிறம், பொம்மை எல்லாம் அப்படியே இருந்தும் பிள்ளைகளுக்கு அது பத்திரமான இடமாக இல்லை. பார்த்துக்கொள்ளப் பொறுப்பான ஆள் இல்லாமல் போனதுதான் வித்தியாசம்.

அதனால் இப்போது ஒரு செயலியைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்: என் பிள்ளையிடம் ஒரு அந்நியர் தனியாகப் பேச வழி இருக்கிறதா? இருந்தால், அதை நான் மூட முடியுமா? விளம்பரத்தில் "குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது" என்று எத்தனை நட்சத்திரம் போட்டிருந்தாலும் இதற்குப் பதில் கிடைக்காவிட்டால் வேண்டாம்.

மகள் இப்போது ஸ்கிராட்ச்சில் இருக்கிறாள். அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் உருவாகி 2007இல் வெளிவந்த இலவசத் தளம். கட்டளை எழுதிய கட்டங்களைத் திரையில் அடுக்கிக் கதை, விளையாட்டு, அனிமேஷன் செய்து போடலாம். மற்ற பிள்ளைகள் அதை எடுத்து மாற்றி இன்னொன்று செய்யலாம். தனிச்செய்தி என்ற வசதியே கிடையாது. பேசுவதெல்லாம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் கருத்துப் பெட்டியில்தான், அதையும் நாம் மூடி வைக்கலாம். இவள் ஐந்து புள்ளிச் சிக்குக் கோலம் தானே போட்டுக்கொள்கிற மாதிரி ஒன்று செய்தாள். யாரோ ஒரு பிள்ளை அதை எடுத்து, கோடு போகப் போக நிறம் மாறும்படி செய்திருந்தது. இரண்டு நாள் அதே பேச்சு வீட்டில். முரட்டுத்தனமான கருத்து அங்கேயும் வரத்தான் செய்யும். ஆனால் வந்தால் நானும் பார்க்க முடியும், புகார் கொடுக்க முடியும். கணக்குத் தொடங்கும்போது 2014 என்றே போட்டோம்.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல், பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் பெரிய சமூக வலைத்தளங்களில் கணக்கு வைக்க முடியாது. மீறினால் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை, கம்பெனிக்குத்தான், 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. பொறுப்பைக் கம்பெனி தலையில் வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் நாட்டில் 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது வரை குழந்தை என்கிறது. பெற்றோரின் சரிபார்த்த சம்மதம் வேண்டும், குழந்தைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது, தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன, படிப்படியாக நடைமுறைக்கு வரும். அப்போது சம்மதம் கேட்டு நம் போனுக்குத்தான் வரும். சமையல் நடுவில், பஸ்ஸில் நின்றுகொண்டு, படிக்காமல் சரி என்று அழுத்திவிடுவோமோ என்பதுதான் என் பயம். நான் அப்படி அழுத்தியவள்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது, அதற்கு எந்தச் சட்டமும் உதவாது. இவளுடைய ஏழாம் வகுப்புக்கு ஒரு குரூப் உண்டு, வீட்டுப்பாடம் அனுப்ப. நாற்பது வீட்டு நம்பரும் எல்லோருக்கும் தெரியும். அதில் இருந்து நம்பரை எடுத்துப் பிள்ளைகள் தாங்களே இன்னொரு குரூப் வைத்திருக்கிறார்கள், டீச்சர் இல்லாமல். ஒரு பெண்ணின் படத்தை ஸ்டிக்கராக்கிச் சுற்ற விட்டிருக்கிறார்கள். அவளைக் குரூப்பில் இருந்து எடுப்பது, சேர்ப்பது, மறுபடி எடுப்பது, அது ஒரு விளையாட்டு. அந்தப் பெண் ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. அந்த ஸ்டிக்கருக்கு என் மகளும் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறாள். கேட்டதற்கு, "எல்லாரும் போட்டாங்கம்மா" என்றாள். நேற்று அவளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் வந்தேன். இரண்டும் முதலில் பேசவில்லை. பிறகு மாடிக்குப் போனார்கள்.

இந்தச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். வீட்டுப்பாடத்துக்கு நம்பர் வெளியே தெரியாத வேறு வழி வேண்டும் என்று கேட்கப் போகிறேன். ஏழாம் வகுப்புப் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் முன்னதாக வந்துவிடுங்கள், பேசிக்கொண்டு உள்ளே போகலாம்.