ஆமாம், பதவி கேட்டேன்

ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டில் எங்கள் சங்கக் கூட்டத்தில் நடந்ததை இதற்குள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஃபோன் போட்டுக் கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கல்லூரிகளில் பிள்ளைகளுக்குப் படிப்பு ஆலோசனை சொல்லும் ஆசிரியர்களுக்கான எங்கள் சங்கத்தில், மாவட்டச் செயலாளர் பொறுப்புக்கு நான் வேட்புமனு கொடுத்தேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. படிவத்தை நானே பூர்த்தி செய்தேன். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் என்று இரண்டு பேரை நானே தேடிப்போய்க் கையெழுத்து வாங்கினேன். இந்தப் பொறுப்பு எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டேன். கேட்டதில் என்ன தப்பு?

தப்பு என்று நேராக யாரும் சொல்லவில்லை. டீயும் பருப்பு வடையும் கொடுத்து, பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டுத்தான் பேசினார்கள். யாருக்கு எந்தப் பொறுப்பு என்ற பேனல் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, ஒருமனதாகப் போனால்தான் சங்கத்துக்கு அழகு, டீச்சர் மனுவை வாபஸ் வாங்க வேண்டும் என்றார்கள். அதற்குப் பதிலாக, தமிழ்ப் பிள்ளைகளின் காரியங்களைப் பார்க்க கன்வீனர் என்று ஒரு பொறுப்பை உண்டாக்கித் தருவார்களாம். நான் முடியாது என்றேன். அப்போதுதான் அந்த மூத்தவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "இத்ர மோஹம் எந்தினா டீச்சரே?" என்றார்.

இவ்வளவு மோகம் எதற்கு டீச்சரே என்று கேட்டார். மலையாளத்தில் மோகம் என்றால் ஆசைதான், வேறொன்றும் இல்லை. அது எனக்குத் தெரியும். இந்த மண்ணில் பிறந்து, இரண்டு மொழியிலும் வாழ்கிறவள் நான். ஆனால் நாற்பது பேர் உட்கார்ந்திருந்த அறையில் சிரிப்பு எழுந்தபோது, அந்தச் சொல்லின் தமிழ் அர்த்தம்தான் என் மேல் வந்து விழுந்தது. கையில் இருந்த டீயைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை.

சரி, ஆசை என்றே வைத்துக்கொள்வோம். எதனால் வந்தது இந்த ஆசை?

கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வடகரைப்பதிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணுக்கு முதல் அலாட்மென்டிலேயே, அதாவது முதல் சுற்று சீட் ஒதுக்கீட்டிலேயே, பி.காம். சீட் வந்தது. போர்வெல் வண்டியில் வேலை பார்க்கும் அப்பா, தோட்ட வேலைக்குப் போகும் அம்மா. அலாட்மென்ட் வந்தால் குறிப்பிட்ட நேரத்துக்குள் மாண்டேட்டரி ஃபீ என்ற கட்டாயக் கட்டணத்தைக் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் அந்த சீட்டும் போகும், அடுத்த சுற்றுகளிலும் பெயர் வராது. ஃபோனுக்கு வந்த செய்தி ஆங்கிலத்தில். சைட்டில் இருந்த விளக்கம் மலையாளத்தில். பத்தாம் வகுப்புவரை தமிழ் மீடியத்தில் படித்த பெண். கல்லூரி திறக்கும் நாளில் கட்டினால் போதும் என்று நினைத்து, அந்தப் பணத்தைப் பத்திரமாக அரிசி டப்பாவில் வைத்திருந்தார்கள். கல்லூரி திறந்த அன்று அம்மா அந்தப் பணத்தை முந்தானையில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்தார். "டீச்சருங்க, காசு கொண்டாந்துட்டனுங்க" என்று என் மேசை மேல் வைத்தார். நான்கு நூறு ரூபாய்த் தாள், மீதி பத்தும் இருபதும். அரிசி மாவு ஒட்டியிருந்தது.

அந்தப் பெண் அந்த வருடம் படிக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் நான் மேசை போட்டு உட்கார்கிறேன். ஹையர் ஆப்ஷன் என்று ஒன்று இருக்கிறது, தெரிந்தவர்களுக்கு அது சின்ன விஷயம். கிடைத்த சீட்டே போதும் என்றால் விருப்பப் பட்டியலில் அதற்கு மேலே எழுதிய ஆப்ஷன்களை நாமே கேன்சல் செய்ய வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த அலாட்மென்டில் எங்கோ தூரத்துக் கல்லூரிக்குப் பெயர் போகும், கையில் இருந்த சீட் தானாகவே பறிபோகும். ஆசையாக எழுதிவைத்த முதல் ஆப்ஷனே பிள்ளைக்கு வினையாக வரும். இதை அக்ஷயா இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கிறவர்களிடம் யார் உட்கார்ந்து சொல்வார்கள்? அங்கே ஒருவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே அதிகம்.

அப்புறம் 2024 ஜூலை 1 அன்று நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்தது. மேஜர் என்று முதன்மைப் பாடம், மைனர் என்று துணைப் பாடம், மூன்று வருடத்தில் 133 கிரெடிட்டோடு வெளியே போகலாம், நான்கு வருடம் படித்து 177 எடுத்தால் ஆனர்ஸ். பிள்ளைகளை விடுங்கள், ஆசிரியர்களுக்கே தலை சுற்றியது. எந்த மைனரை எடுத்தால் பின்னால் எந்த முதுகலைக்குப் போகலாம் என்பதை ஒரு நோட்டில் நானே கோடு போட்டு எழுதி, தமிழில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தாள் இன்று கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, கோபாலபுரம் வரைக்கும் சுற்றுகிறது. என் பெயர் அதில் இல்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் இந்த வேலையைச் செய்தவளுக்கு, இதை மாவட்டம் முழுக்கச் செய்ய ஒரு பொறுப்பைக் கொடுங்கள் என்று கேட்கக்கூட உரிமை இல்லை என்றால் எப்படி?

எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 2007லிருந்து நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். இங்கே கீம் என்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். கோயம்புத்தூர் நமக்குக் கூப்பிடு தூரம். ஆனால் இங்கே படித்த பிள்ளை அங்கே கவுன்சிலிங்குக்குப் போனால், சொந்த மாநிலம் எது என்பதற்கும் சாதிச் சான்றிதழுக்கும் ஆயிரம் கேள்வி. இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல எங்கள் சங்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? நான் கேட்ட பதவி இதற்காகத்தான்.

இனி, "சங்கம் என்பது சேவை, பதவிக்கு அலையக் கூடாது" என்று எழுதியவர்களுக்கு. அமெரிக்காவில் இதே வேலையைச் செய்கிறவர்கள் 1977ல் வெர்மான்ட் மாநிலத்துப் பர்லிங்டனில் முதல் மாநாட்டைக் கூட்டி, 1979ல் சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். நக்கேடா என்று சுருக்கமாகச் சொல்வார்கள், கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது. அங்கே தலைமைக்கு நிற்கிறவர், தான் ஏன் நிற்கிறேன், என்ன நினைத்திருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கிறார். உறுப்பினர்கள் படித்துவிட்டு ஓட்டுப் போடுகிறார்கள். விருப்பத்தை வெளிப்படையாகச் சொல்வது அங்கே முறை. இங்கே என்ன முறை? வேண்டாம் வேண்டாம் என்று நான்கு தடவை சொல்ல வேண்டும், பிறகு எல்லோரும் வற்புறுத்தியது போல ஏற்றுக்கொள்ள வேண்டும். பேனல் மட்டும் முந்தின வாரமே யாரோ ஒருவர் வீட்டில் முடிவாகியிருக்கும். மனதில் வைத்துக்கொண்டு வாயால் மறுப்பதைவிட, வேண்டும் என்று சொல்லிக் கேட்டு, ஓட்டில் தோற்றுப் போவது எவ்வளவோ மேல்.

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை இங்கே எழுத வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் அவர் பதினான்கு வருடம் பால் அளந்தார். காலை ஐந்து மணிக்குக் கேன் மூடி திறக்கும் சத்தம்தான் எங்களுக்கு அலாரம். லாக்டோமீட்டரை விட்டு, அது மிதந்து நிற்கும்வரை குனிந்தே பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் கலந்தவரிடம்கூட மற்றவர்கள் முன்னால் சொல்ல மாட்டார், "நாளைக்குக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்பார், அவ்வளவுதான். எந்த வீட்டில் எந்த மாடு கன்று போட்டது, யாருக்குப் போன வாரத்துப் பாக்கி நிற்கிறது, எல்லாம் தலைக்குள் இருக்கும். மூன்று முறை தலைவர் தேர்தல் வந்தது. மூன்று முறையும் அம்மா, "நீங்க ஒரு வார்த்தை கேட்டா என்னங்க?" என்றார். "தகுதி இருந்தா அவங்களே கூப்பிடுவாங்க, நாம போய்க் கேக்கறது மரியாதை இல்லை" என்றார் அப்பா. மூன்று முறையும் யாரும் கூப்பிடவில்லை. மூன்றாவது முறை ஜெயித்தவருக்கு அப்பாதான் மாலை போட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அவர் கேட்கவில்லை. அதனால் நான் கேட்டேன்.

"மொழிப் பிரச்சினை ஆக்காதீர்கள்" என்று இன்னொருவர். நான் ஆக்கவில்லை ஐயா. செயலாளர் பதவி கேட்டவளுக்குத் தமிழ்க் கன்வீனர் என்று ஒதுக்கித் தர வந்தது யார்? நான் படிப்பு ஆலோசனை சொல்லும் பிள்ளைகளில் பாதிப்பேர் மலையாளப் பிள்ளைகள். அவர்களிடம் மலையாளத்தில்தான் பேசுகிறேன். என் பாட்டி கொச்சி ராஜ்யத்தில் பிறந்தவர். எங்கள் சித்தூர் தாலுகா அன்றைக்கு அதில்தான் இருந்தது. 1949ல் திருவிதாங்கூர்-கொச்சி ஆயிற்று, 1956 நவம்பரில் கேரளம் ஆயிற்று, 1957 ஜனவரியில் பாலக்காடு மாவட்டம் வந்தது. இத்தனை பெயர் மாறியும் பாட்டி இருந்தது ஒரே வீட்டில், தண்ணீர் சேந்தியது ஒரே கிணற்றில். நாங்கள் எங்கிருந்தும் வரவில்லை. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலையும் அதே மொழியில் பெறலாம் என்று 1969ஆம் வருடத்து ஆட்சிமொழிச் சட்டமே சொல்கிறது. அரசாங்கம் ஒப்புக்கொண்டதை நாற்பது ஆசிரியர்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லையா?

கூட்டங்களுக்கு ஒழுங்காக வருவதில்லை என்று ஒரு குற்றச்சாட்டு. இதில் உண்மை இருக்கிறது. போன வருடம் நடந்த ஆறு கூட்டத்தில் மூன்றுக்குத்தான் போனேன். கூட்டம் மாலை ஐந்தரைக்கு என்று போட்டு ஆறேகாலுக்கு ஆரம்பிப்பார்கள். முடித்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு ஓடினால் எங்கள் பக்கத்து பஸ் போயிருக்கும். ஒரு தடவை கொழிஞ்சாம்பாறை வரை வந்து, அங்கிருந்து இருட்டில் ஆட்டோ கிடைக்காமல் முக்கால் மணி நேரம் நின்றேன். கூட்டத்தைச் சனிக்கிழமை மதியம் வையுங்கள், முடியாவிட்டால் கூகுள் மீட்டிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் வராதது வராததுதான். இதைக் காரணமாகச் சொல்லி எனக்கு ஓட்டுப் போட மாட்டேன் என்பவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

வீட்டையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இதெல்லாம் முடியுமா என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை. பேனலில் இருக்கும் ஆண்களிடமும் இதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

இவ்வளவும் எழுதினாலும், என்னை அதிகம் குத்தியது அந்த மூத்தவர் சொன்னது இல்லை. அன்று இரவு நம் ஆள் ஒருவரே ஃபோன் செய்தார். என்னோடு எத்தனையோ ஜூன் மாதங்கள் அதே மேசையில் உட்கார்ந்தவர். "ஏனுங்க டீச்சர், நமக்கு எதுக்குங்க இந்த வம்பு? கன்வீனர் குடுத்தா வாங்கிக்கலாமுங்க, அதுவே பெருசுதானுங்க" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் குரலில் என் அப்பாவின் குரல் இருந்தது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கொடுக்காததற்கு மாலை போடும் பழக்கம் நமக்கு எத்தனை தலைமுறையாக இருக்கிறது? நம் பிள்ளைகளும் அப்படித்தான் வந்து நிற்கிறார்கள். "உனக்கு எது படிக்கணும் கண்ணு?" என்று கேட்டால், "எது கெடச்சாலும் சரிங்க டீச்சர்" என்கிறார்கள். பதினெட்டு வயதில் எது கிடைத்தாலும் சரி. என் மேசையின் அந்தப் பக்கம் உட்காரும் ஒவ்வொரு பிள்ளையிடமும், வேண்டியதைச் சொல், முதல் ஆப்ஷனாக எழுது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அப்படிச் சொல்கிறவள் தன் முறை வரும்போது எது கிடைத்தாலும் சரி என்று எந்த முகத்தோடு சொல்வாள்?

வந்தால் செய்ய நினைத்திருப்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. ஜூன் மாதத்து உதவி மேசையை பாலக்காட்டில் மட்டும் வைக்காமல் கொழிஞ்சாம்பாறையிலும் மீனாட்சிபுரத்திலும் வைக்க வேண்டும். அட்மிஷன் குறிப்புகளை மலையாளம் வெளிவரும் அன்றே தமிழிலும் கொடுக்க வேண்டும். எந்தெந்தக் கல்லூரியில் தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம் என்று ஒரு பட்டியல் வேண்டும், ஆப்ஷன் கொடுப்பதற்கு முன்னால் பிள்ளைகள் கையில் அது இருக்க வேண்டும். கூட்டம் சனிக்கிழமை மதியம். இவ்வளவுதான்.

மனுவை வாபஸ் வாங்க வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். நான் போகப்போவதில்லை. அன்றைக்கு வேலந்தாவளத்திலிருந்து ஒரு பையனும் அவன் அம்மாவும் வருகிறார்கள், மைனரை மாற்றலாமா என்று கேட்க. நான்கு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.