முடிச்சைக் கீறிப் பாருங்கள்

பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சுகளைப் பற்றிய கட்டுரை, அவற்றில் வாழும் பாக்டீரியா செடிக்கு நைட்ரஜன் தருகிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. சுவாரசியமே அதற்கு முந்தைய பேச்சுவார்த்தையில்தான் இருக்கிறது. பீன்ஸ் வேர் ஃபிளேவனாய்டு என்ற வேதிப்பொருளைக் கசியவிட, ரைசோபியம் என்ற அந்த பாக்டீரியாவின் நாட் (nod) மரபணுக்கள் விழித்துக்கொண்டு நாட் காரணி என்கிற மூலக்கூறைச் செய்யும், அது பொருந்தினால்தான் வேர் பாக்டீரியாவை உள்ளே விடும். பீன்ஸோடு சேரும் ரைசோபியம் எட்லி என்ற இனத்தில் இந்த மரபணுக்கள் ஒரு பிளாஸ்மிடில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ.வில், இருக்கின்றன, அது தொலைந்தால் முடிச்சே வராது.

மயிலாப்பூரில் எங்கள் மொட்டைமாடியில் பூ விட்டிருந்த காராமணிச் செடி ஒன்றைப் பிடுங்கி, முடிச்சை பிளேடால் கீறிப் பார்த்தேன். உள்ளே நல்ல இளஞ்சிவப்பு! அந்த நிறம் தருவது லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரப் புரதம், அதன் மரபணு செடியுடையது. அப்புறம், ஆசைப்பட்டு யூரியா போட்ட பக்கத்துத் தொட்டியில் தேடினால் நாலைந்து முடிச்சுதான். நைட்ரஜன் சும்மா கிடைக்கும்போது செடி ஏன் வாடகைக்கு ஆள் வைக்கும்?