எம்.எஸ்சி. சைக்காலஜிக்கு மூணு லட்சம் கட்டலாமா?

பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி பி.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருடம் படிக்கிறாள். போன வாரம் வந்து, "அக்கா, எம்.எஸ்சி.க்கு ஒரு காலேஜ்ல மூணு லட்சம் சொல்றாங்க, கட்டலாமா?" என்று கேட்டாள். வாசலில் நிற்க வைத்தே ஒரு மணி நேரம் பேசிவிட்டேன், பாவம். விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

அந்த மூணு லட்சம் பாதிக் கணக்குதான். அட்மிஷன் கவுன்டரில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், எனக்கும் சொல்லவில்லை. எம்.எஸ்சி. முடித்த கையோடு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநோய்க்குப் பரிசோதனையும் பேச்சு வழிச் சிகிச்சையும் தருபவர் என்று போர்டு மாட்ட முடியாது. அதற்கு ஆர்.சி.ஐ.யில், அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு இத்தனை காலமும் பெரும்பாலோர் போன வழி, எம்.எஸ்சி.க்கு மேலே இரண்டு வருட எம்.பில். முழுநேரப் படிப்பு, பாதி நாள் மருத்துவமனை வார்டிலேயே போய்விடும், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம் என்ற பேச்சே கிடையாது. இப்போது அந்த எம்.பில்.லும் முடிவுக்கு வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. அதில் சேர்வதற்கு 2025-26 வரைதான் நீட்டிப்புக் கொடுத்தது.

என் கதை இதுதான். அப்பா தையல்காரர். எம்.எஸ்சி.க்கு மூன்றரை லட்சம் கடன் எடுத்தேன், நாலு லட்சத்துக்குள் என்பதால் ஜாமீன் கேட்கவில்லை. "சைக்காலஜி படிச்சா என்னம்மா வேலை கிடைக்கும்?" என்று மேனேஜர் கேட்டபோது கோபம் வந்தது, இப்போது நினைத்தால் அவர் கேட்டது சரியான கேள்விதான். படித்த காலம், அதற்கு மேல் ஒரு வருடம், அதுவரை தவணை கட்ட வேண்டாம் என்றார்கள். வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கட்ட ஆரம்பித்தபோது பாக்கி நாலே கால் லட்சத்தைத் தாண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கவுன்சிலர் வேலை, சம்பளம் 18,000, அதில் தவணை 7,400. கல்விக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டாம். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வந்தால்தானே!

அப்புறம் ஒரு தனியார் நிறுவனத்தில் எம்.பில். இடம் கிடைத்தது. அதற்கும் லட்சக்கணக்கில் ஃபீஸ், உதவித்தொகை கிடையாது. இருக்கிற வேலையையும் விட்டுவிட்டு இன்னொரு கடன் வாங்கத் தைரியம் இல்லை, விட்டுவிட்டேன். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று. அதே வார்டில் மனநல மருத்துவம் பி.ஜி. படிக்கும் டாக்டருக்கு மாதாமாதம் ஸ்டைபெண்ட் வரும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நோயாளியிடம் முக்கால் மணி நேரம் பேசி, டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட் எழுதும் பயிற்சி சைக்காலஜிஸ்ட் அந்த வேலையைச் செய்வதற்குக் காசு கட்ட வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை போன்ற சில மத்திய அரசு நிறுவனங்களில் உதவித்தொகை உண்டு, ஆனால் அங்கே எத்தனை பேருக்கு இடம் கிடைத்துவிடும்? மனநலச் சிகிச்சை தேவைப்படுபவர்களில், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேருக்கு அது கிடைப்பதில்லை என்று 2015-16 தேசிய மனநல ஆய்வு சொன்னது. ஆள் வேண்டும் என்கிறார்கள், ஆளை உருவாக்கும் செலவு மட்டும் தையல்காரர் வீட்டுத் தலையில்.

இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் எம்.ஏ. சைக்காலஜி தபாலில் படிப்பது கையைக் கடிக்காத வழியாக இருந்தது. 2025 ஜூலை-ஆகஸ்ட் முதல் தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் சைக்காலஜிக்குப் புதிய சேர்க்கை கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. நோயாளி எதிரே உட்காராமல் இந்தப் படிப்பைக் கற்க முடியாது, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலிவான கதவை மூடினால் அரசுக் கல்லூரிகளில் இன்னொன்றைத் திறக்க வேண்டாமா?

அவளிடம் சொன்னது இவ்வளவுதான். எம்.எஸ்சி.யை அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ முடி, பெயருக்காகவும் ஏ.சி. வகுப்புக்காகவும் மூணு லட்சம் கொடுக்காதே. கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் லைசென்ஸ், அதாவது ஆர்.சி.ஐ. பதிவு தரும் படிப்புக்கு வாங்கு. அப்படி எந்தக் கோர்ஸாக இருந்தாலும் ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்கள் பட்டியலிலேயே பார், காலேஜ் நோட்டீஸை நம்பாதே. மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி கல்விக்கடன் திட்டத்தில் ஜாமீன் இல்லாமல் கடன் கிடைக்கும், ஆனால் அந்தக் கல்லூரி திட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டும், அதையும் பணம் கட்டும் முன் பார்த்துவிடு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா டோக்கன் அட்வான்ஸ் பத்தாயிரம் கட்டிட்டாருக்கா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் பேசப் போகிறேன்.