அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்

பயாப்சி ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்ததும் மகனோ மகளோ முதலில் செய்வது, அப்பாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய், "அவருக்குத் தெரிய வேண்டாம் சார், தாங்கமாட்டார், சும்மா கட்டின்னு மட்டும் சொல்லிடுங்க" என்று டாக்டரிடம் கெஞ்சுவதுதான். சொந்தத்தில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிற ஆள் நான் என்பதால் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். நெற்றி நிறைய விபூதி பூசியவர்களும் கெஞ்சுகிறார்கள், கறுப்புச் சட்டைக்காரர்களும் கெஞ்சுகிறார்கள். கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டாலே எது சரி, எது தப்பு என்று யோசிக்கத் தெரிந்துவிட்டதாக ஆகாது. அது தனி வேலை.

நான் அந்த வேலையைப் புரிந்துகொண்டிருப்பது இப்படி: நான் ஒன்றைச் செய்வதற்குச் சொல்லும் காரணம், என் சாமியைக் கும்பிடாதவருக்கும் விளங்க வேண்டும், முக்கியமாக, அதனால் பாதிக்கப்படுகிறவரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடிய வேண்டும். "அப்பா, உங்களுக்குப் புற்றுநோய், நீங்க தாங்கமாட்டீங்கன்னு நானும் சித்தப்பாவும் பேசி முடிவு பண்ணி மறைச்சுட்டோம்." இந்த வாக்கியத்தை அவரிடம் நேராகச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் அந்தக் காரணத்தில் கோளாறு இருக்கிறது.

உடனே குறள் 292-ஐ எடுத்துக்கொண்டு வருவார்கள். பொய்மையும் வாய்மை இடத்த. சரி, மீதியையும் படிக்க வேண்டுமே, புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின். அதாவது, குற்றமில்லாத நன்மையைத் தந்தால்தான் பொய்யும் உண்மையின் இடத்துக்கு வரும். இங்கே அந்த நன்மை யாருக்கு? மகனுக்கு ஒரு சங்கடமான பேச்சு மிச்சம், அது நிச்சயம். அப்பாவுக்கு? என்ன ஆஸ்பத்திரி என்று வாசலிலேயே போர்டு இருக்கிறது, வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் பேசுகிறார், கீமோவில் முடி கொட்டுகிறது. அவருக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததைக் காட்டினால் பிள்ளைகள் உடைந்துவிடுவார்களே என்று அவரும் நடிக்க ஆரம்பிக்கிறார். கடைசி மாதங்களில் ஒரு வீட்டில் எல்லோருமே நடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதைவிடப் பெரிய தனிமை கிடையாது. அப்புறம் நடைமுறை விஷயங்கள் இருக்கின்றன: பேங்கில் நாமினி யார், பத்திரம் எங்கே, பல வருடமாகப் பேசாத தங்கையைக் கூப்பிடலாமா, அடுத்த சுற்று கீமோ வேண்டுமா, இல்லை வீட்டுக்கே போய்விடலாமா. இதையெல்லாம் முடிவு செய்ய வேண்டியவரைத்தான் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறோம்.

"நோயாளியிடம் நேராகச் சொல்வதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நம்ம குடும்பம் வேற" என்ற வாதமும் எனக்குச் செல்லாது. 1961-ல் சிகாகோவில் ஒரு மருத்துவமனையின் டாக்டர்களைக் கேட்டபோது அவர்களில் 90 சதவீதம் பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். 1979-ல் அமெரிக்காவில் இதே கேள்வியைக் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். இடையில் இருப்பது பதினெட்டே வருடம். அங்கேயும் அது பண்பாடாகத்தான் இருந்தது, யோசித்து, சண்டை போட்டு மாற்றிக்கொண்டார்கள்.

நம் ஊர்ச் சட்டமும் ஒரே மாதிரி பேசவில்லை. டாக்டர்களுக்கான 2002-ஆம் வருட நடத்தை விதிகள், நோயின் தீவிரத்தைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது என்கின்றன. ஆனால் நோயாளியிடமோ உறவினரிடமோ சொன்னால் போதும் என்று ஒரு கதவையும் திறந்து வைக்கின்றன. எல்லாக் குடும்பமும் அந்தக் கதவு வழியாகத்தான் நுழைகிறது. 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், மயக்க மருந்தில் இருந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை எடுக்க அவருடைய அம்மா கொடுத்த சம்மதம் செல்லாது என்றது. பெற்ற அம்மாவின் கையெழுத்தே போதாது என்றால் மகனின் கெஞ்சல் எப்படிப் போதும்?

அதற்காக எப்போதும் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. கொலைகாரன் வாசலில் வந்து கேட்டாலும் பொய் சொல்லாதே என்று 1797-ல் எழுதினார் ஜெர்மன் தத்துவவாதி காண்ட், அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. ஆபீஸ் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்குறைப்புப் பட்டியல் எச்.ஆர். கையில் இருக்கிறது, அதில் பெயர் உள்ள ஒருவர் வந்து ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போவதாகச் சந்தோஷமாகச் சொல்கிறார். பட்டியலைக் காட்டினால் கொடுத்த வாக்கு போச்சு, வாழ்த்துச் சொல்லி அனுப்பினால் அவர் கடனில் மாட்டுகிறார். "ரெண்டு மாசம் பொறுங்க, காரணம் கேட்காதீங்க" என்று சொல்லலாம். இந்தப் பதிலைப் பட்டியல் போட்ட முதலாளியிடமும் சொல்ல முடியும், அந்த ஊழியரிடமும் சொல்ல முடியும்.

நோயாளிகளிலும், எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், என் பையனிடம் பேசிக்கொள்ளுங்கள் என்பவர் உண்டு. அது அவருடைய உரிமை, அவர் கேட்டு அவர் எடுத்த முடிவு. புற்றுநோய் டாக்டர்களுக்காக 2000-ல் வெளியான ஆறு படிகள் கொண்ட ஒரு முறையில் இதற்கென்றே ஒரு படி இருக்கிறது: விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று கேட்பது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, ஓ.பி. வரிசை கேட் வரைக்கும் நிற்கிறது என்பார்கள். நிஜம்தான். ஆனால் அந்தக் கேள்வியை டாக்டர்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. பயாப்சிக்குக் கையெழுத்து வாங்கும் அன்றைக்கே, ரிசல்ட் யாருக்கும் தெரியாதபோதே, நர்ஸ் கேட்டுக் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதிவிடலாம்: யாரிடம் சொல்ல வேண்டும், எவ்வளவு சொல்ல வேண்டும். மகன் பார்க்கிங்குக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கேட்டால் நல்லது.