செல்வமகள் பணம்: 18-ல் முழுசாக வராது

"பொண்ணுக்கு 18 ஆயிட்டா செல்வமகள் பணம் மொத்தமும் எடுத்துடலாம், அப்பா கையெழுத்து போதும்" என்று செல்வமகள் திட்டம் (பெண் குழந்தை பேரில் தொடங்கும் அரசு சேமிப்புக் கணக்கு) பற்றிய பதிவில் எழுதியிருக்கீங்க அண்ணே. ரெண்டுமே தப்பு. இதை நம்பி காலேஜ் சேர்க்கை நேரத்தில் காரைக்குடி தலைமை அஞ்சலகத்தில் போய் நின்றால் வெறுங்கையோடுதான் திரும்பணும்.

கணக்கு முதிர்வது தொடங்கிய நாளிலிருந்து 21 வருஷத்தில், பிள்ளையின் 21 வயதில் அல்ல. 2015 மார்ச்சில், 8 வயதில் தொடங்கியிருந்தால் 2036 மார்ச்சில்தான் முழுப் பணம். அப்போது அவளுக்கு 29.

18 ஆனதும் கணக்கு அவள் கைக்குப் போகிறது. ஆதார், பான், போட்டோவோடு அவளே போய்க் கையெழுத்துப் போடணும். இழுபறி பெரும்பாலும் பெயரில்தான்: பாஸ்புக்கில் 'மெ. மெய்யம்மை', ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வேறு. இதை முன்கூட்டியே சரிசெய்துடுங்க.

மேல்படிப்புக்கு, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதி வரை எடுக்கலாம். பத்தாவது பாஸானாலே போதும், 18 வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் சேர்க்கைக் கடிதமோ கட்டண ரசீதோ காட்டணும். இருப்பு 4 லட்சம், ஃபீஸ் 85,000 என்றால் 85,000தான் கிடைக்கும்.

கல்யாணத்துக்கு என்றால் கணக்கையே முடிக்கலாம், ஆனால் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பிலிருந்து மூன்று மாதம் பின்பு வரைதான். நம்ம பக்கம் சீர் சாமான் ஆறு மாதம் முன்னாடியே வாங்க ஆரம்பிச்சுடுவோம். அந்தச் செலவுக்கு இந்தப் பணத்தைக் கணக்குப் போடாதீங்க.