ஒரே ட்யூபில் நாலு மருந்து

அம்மா எட்டு மாதம் எங்களிடம் மறைத்திருக்கிறார். பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் ஆரம்பித்த அரிப்பு. வண்டுகடி என்று நினைத்து, மெடிக்கலில் சொல்லி வாங்கிய ஆயின்மென்ட்டைத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறார். தடவினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். நிறுத்தினால் பத்து நாளில் திரும்ப வரும், முன்பைவிட அகலமாக. தொடை வரை இறங்கிய பிறகுதான் தங்கையிடம் வாய் திறந்தார்.

தோல் மருத்துவர் முதலில் கேட்டது அந்த ட்யூபைத்தான். பின்பக்கம் பொடி எழுத்தில் நான்கு பெயர்கள்: குளோபெட்டசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினாஃபைன். அம்மாவுக்கு வந்திருப்பது படர்தாமரை என்ற பூஞ்சை நோயாக இருக்கும் என்றார். அந்தப் பூஞ்சைக்கான மருந்து கடைசி ஒன்று மட்டும். நடுவில் உள்ள இரண்டுக்கும் இந்த நோயோடு சம்பந்தமே இல்லை. முதலாவது, தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. பூஞ்சையோடு உடம்பு போராடுவதால்தான் சிவப்பும் அரிப்பும் வருகின்றன. ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அடக்கிவிடும். நோய் போய்விட்டது என்று நாம் நினைப்போம், பூஞ்சை பரவிக்கொண்டிருக்கும். வட்டமும் தடித்த ஓரமும் கலைந்துபோவதால், பார்த்த மாத்திரத்தில் படர்தாமரை என்று சொல்வதே மருத்துவருக்குக் கஷ்டம். அம்மாவின் தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரி வரியாகிவிட்டது. அந்த வரிகள் இனி முழுதாக மறையாது.

செதிலைக் கொஞ்சம் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். இழை இழையாகப் பூஞ்சை. அரை மணி நேர வேலை, அவ்வளவுதான்.

சரி, மருந்து கொடுத்தால் போய்விடும் என்று நினைத்தோம். ஒரு மாதம் டெர்பினாஃபைன் மாத்திரை போட்டும் அசையவில்லை. பூஞ்சை தன் செல்சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளைத் தயாரிக்க ஒரு நொதி வேண்டும். டெர்பினாஃபைன் அந்த நொதியைத்தான் தடுக்கிறது. நொதிக்கான மரபணுவில் சிறு மாற்றம் வந்துவிட்டால் மருந்து பிடிக்காது. அப்படி மாறிய பூஞ்சைகள் நம் நாட்டில் நிறையவே இருக்கின்றன. 2020-இல் ஜப்பான் ஆய்வாளர்கள் இந்திய, நேபாள நோயாளிகளிடம் கண்ட, டெர்பினாஃபைனுக்கு அசையாத ஒரு பூஞ்சைக்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு அது இருந்ததாக அறிவித்தார்கள். ஒருவர் அண்மையில் வெளிநாடே போகாதவர். அம்மாவுக்கு வந்தது அதுதானா என்று எங்களுக்குத் தெரியாது, அந்தச் சோதனை செய்யவில்லை. இட்ராகோனசோல் என்ற வேறொரு பூஞ்சை மருந்துக்கு மாற்றினார்கள். வேறு பல மாத்திரைகளோடு அது மோதும் என்பதால் அம்மாவின் பிரஷர் மாத்திரை முதல் எல்லாவற்றையும் பார்த்துத்தான் கொடுத்தார்கள். குணமாக மூன்று மாதம் ஆனது.

தோல் மருத்துவர்கள் சங்கம் பல ஆண்டுகள் போராடியது. 2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. இன்றைக்கும் கேட்டால் கொடுக்கிறார்கள். எனக்குக் கோபம் கடைப் பையன் மேல் இல்லை. நாலு மருந்தை ஒரே ட்யூபில் அடைக்க அனுமதித்தவர்கள் மேல்தான். இந்தக் கலவைகளைத் தயாரிப்பதையே நிறுத்த வேண்டும். அதுவரை ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் படர்தாமரைக்குத் தடவாதீர்கள். ஏற்கெனவே பல மாதம் தடவியிருந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள், ட்யூபையும் எடுத்துக்கொண்டு.

அப்புறம், வீட்டில் எல்லாரையும் கூட்டி வரச் சொன்னார் மருத்துவர். ஒருவருக்கு மட்டும் பார்த்தால் துண்டிலும் படுக்கையிலும் மறுபடி ஒட்டிக்கொள்ளுமாம். அங்கே போய்த்தான் அப்பா வேட்டியை விலக்கிக் காட்டினார். அவரும் அதே ட்யூபைத்தான் தடவிக்கொண்டிருந்தார்.