இடுப்பில் ஆறு வருடம்: என் க்ளாக் 19

இந்த மாதத்தோடு க்ளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கி ஆறு வருடம் ஆகிறது. ஹூஸ்டனில் கேஸ் ஸ்டேஷன் நடத்துகிறேன். இரவு பதினோரு மணிக்குக் கடையைப் பூட்டி, பணப்பையோடு கார் வரை தனியாக நடக்க வேண்டும். அதற்காகத்தான் வாங்கினேன். இதுவரை உருவ வேண்டிய தேவை வரவில்லை, வரவே கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

நண்பர்கள் கேட்பதெல்லாம் "எந்த மாடல் நல்லது?" என்றுதான். மாடல் பாதி விஷயம்கூட இல்லை. 1988-இல் வந்த வடிவமைப்பு, இன்றுவரை அடிப்படையில் பெரிதாக மாறவில்லை. ஆறாயிரம் தோட்டாவுக்கு மேல் சுட்டிருப்பேன். சுட்டதும் பின்னால் போகும் மேல்பகுதியைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை ஒரு தடவை மாற்றினேன், அவ்வளவுதான். 15 தோட்டா நிரப்பினால் எடை ஏறக்குறைய 850 கிராம். அதைப் பன்னிரண்டு மணி நேரம் இடுப்பில் சுமப்பதுதான் கஷ்டம். சாதாரண பெல்ட் ஒரு வாரத்தில் தொய்ந்துவிடும். விறைப்பான பெல்ட்டும், துப்பாக்கிக்கு அளவெடுத்த கைடெக்ஸ் (கெட்டி பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டரும், அதாவது இடுப்பில் துப்பாக்கியைச் செருகும் உறையும், வாங்கிய பிறகுதான் முதுகுவலி போனது.

ஹோல்ஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். க்ளாக்கில் தனி சேஃப்டி பட்டன் கிடையாது. ட்ரிகரின் நடுவில் ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதோடு சேர்த்து ட்ரிகரை அழுத்தினால் சுடும். அழுத்துவது விரலா, சட்டை நுனியா என்று அதற்குத் தெரியாது. போன குளிர்காலத்தில் ஒரு நாள் ஹோல்ஸ்டருக்குள் திரும்பச் செருகும்போது பாதியில் ஏதோ தட்டியது. நல்லவேளை, அழுத்தித் தள்ளவில்லை. மெதுவாக வெளியே எடுத்துப் பார்த்தால், ஜாக்கெட் கயிற்று முனையிலிருந்த பிளாஸ்டிக் குமிழ் ட்ரிகர் வளையத்துக்குள் இருந்தது. சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில், சுடத் தயாராகத் தோட்டா. கை நடுங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து துப்பாக்கியை மட்டும் உருவிச் செருகுவதே இல்லை. ஹோல்ஸ்டரோடு சேர்த்துக் கழற்றி லாக்கரில் வைக்கிறேன். வீட்டில் ஒன்பது வயது மகள் இருக்கிறாள்.

இன்னொன்று, தோட்டா. முதல் இரண்டு வருடம் தினமும் இரவு சேம்பரைக் காலி செய்து, காலையில் அதே தோட்டாவை மறுபடி ஏற்றுவேன். ஒரு நாள் அதைப் புதுத் தோட்டாவின் பக்கத்தில் மேஜையில் நிறுத்தி வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கே தெரிந்தது, பழையது குட்டையாக இருந்தது. துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடு ஒவ்வொரு முறை அடித்துத் தோட்டாவை ஏற்றும்போதும், தோட்டாவின் முனையிலிருக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக அதன் பித்தளைக் கூட்டுக்குள் இறங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட தோட்டாவைச் சுட்டால் உள்ளே அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

சரி, சின்னதாக வேண்டும் என்பவர்களுக்கு 2018-இல் வந்த சிக் பி365 என்ற சின்னக் கைத்துப்பாக்கி இருக்கிறது. பத்துத் தோட்டா, காலியாக அரைக் கிலோ, டி-ஷர்ட்டுக்குள் இருப்பதே தெரியாது. ஆனால் சின்னத் துப்பாக்கி கையில் துள்ளும். அதில் ஐம்பது தோட்டா சுட்டாலே என் கை சோர்ந்துவிடுகிறது. பயிற்சி செய்யப் பிடிக்காத துப்பாக்கியை நான் இடுப்பில் வைக்கமாட்டேன்.

டெக்ஸஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தடை இல்லாதவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லலாம். சட்டம் விட்டுவிட்டது என்று வகுப்புக்குப் போகாமல் செருகிக்கொள்கிறார்களே, அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. லைசென்ஸ் தேர்வில் 3, 7, 15 கெஜத் தூரங்களில் மொத்தம் ஐம்பது தோட்டா சுட வேண்டும். அதுகூட ரொம்பக் குறைவு என்பேன். கேட்டுக்கொண்டிருக்கிற தம்பிகள் கடைக்குப் போகும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வாருங்கள். க்ளாக் என்னிடம் இருக்கிறது, பி365 அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். தோட்டாச் செலவு என்னுடையது. கயிறு வைத்த ஜாக்கெட் மட்டும் போட்டு வராதீர்கள்.